கடைசி வண்டி வரும் வரை

நிழலுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான், வேறு எதையும் யோசிக்க வேண்டாம் என்று தணிகாசலம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அரைமணி நேரமாகிறது. யோசிக்காதே என்றால் கேட்கிற மண்டையா அது? சித்தன்னவாசலிலிருந்து நார்த்தாமலைக்கு உள்வழியாகப் போகிற ஒற்றை ரோடு இந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் திரும்பினால் தைலமரக் காட்டுக்குள் புகுந்து நார்த்தாமலை. நேரே போனால் எங்கே போகுமோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். முக்கில் இவரும் இவருடைய புல்லட்டும். மேலே பங்குனி மாசத்து மூன்றரை மணி வெயில், மண்டையைப் பிளக்கிறது. இருபதடி தள்ளி ஒரு புளியமரம், அதன் அடியில் நல்ல கறுப்பு நிழல், உட்காரத் தோதாக ஒரு பாறை வேறு. ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்தாயிற்று, தண்ணீரைக் குடித்தாயிற்று, மிச்சத்தைத் தலையில் ஊற்றியாயிற்று. ஆறு வண்டி வந்து போய்விட்டது. ஏழாவது வண்டிதான் வரவில்லை. அது சிக்கந்தர் பாயுடைய யெஸ்டி. வரும், வந்துவிடும், வராமல் எங்கே போகும் என்று சொல்லிக்கொள்கிறார். சொல்லும்போதே இமை இரண்டும் கீழே இழுக்கின்றன. சனியன் பிடித்த தூக்கம், ராத்திரி கட்டிலில் படுத்தால் வராது, இங்கே வெயிலில் நிற்கும்போது வருகிறது.

சட்டம் என்னவோ சுலபமான சட்டம்தான். திருச்சியிலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது வண்டி கிளம்பும். பெரிய ரோட்டில் போகிற ஜோலியே கிடையாது, எல்லாம் கண்மாய்க்கரை, காட்டுவழி, நடுநடுவே ஒரு குடைவரை, ஒரு இடிந்த கோயில், ஒரு கல்வெட்டு. முன்னால் தர்மசீலன் போவார், காலேஜில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்ற ஆள், வழி அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். ரோடு பிரிகிற இடத்தில் அவருக்கு அடுத்து வருகிறவன் ஓரங்கட்டி நிற்க வேண்டும், பின்னால் வருகிற ஒவ்வொருத்தருக்கும் கையைக் காட்ட வேண்டும். கேரியரில் சிவப்புத் துண்டு கட்டிய வண்டி வந்தால்தான் அது கடைசி என்று அர்த்தம், அது வந்த பிறகு இவன் கிளம்பி அதற்கு முன்னால் போக வேண்டும். சிவப்புத் துண்டு வராமல் முக்கை விட்டு நகரக் கூடாது. இடி விழுந்தாலும் சரி, மூத்திரம் முட்டினாலும் சரி. பதினோரு வருஷமாக இப்படித்தான் சுற்றுகிறார்கள், ஒருத்தர் தொலைந்ததில்லை. ஒரு தடவையைத் தவிர. அந்த ஒரு தடவையை நினைக்கக் கூடாது என்றுதான் காலையிலிருந்து படாத பாடு படுகிறார். காலையிலிருந்தா? எட்டு மாசமாக அப்பா, எட்டு மாசமாக.

காலையில் விராலிமலை டீக்கடையில் பாய் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். தொடையில் கம்பி வைத்த பிறகு முதல் தடவையாக வருகிறார் என்று எல்லோருக்கும் சந்தோஷம், லூர்துராஜ் தன் காசில் எல்லோருக்கும் வடை வாங்கினான். வலது காலை மடக்க முடியாமல் பெஞ்சில் நீட்டி உட்கார்ந்துகொண்டு பாய் சொன்னார்: “இதுதான்ப்பா கடைசி. நாளைக்கு ஒரு ஆளு வந்து யெஸ்டியை ஓட்டிட்டுப் போயிடுவான். ஒரு தடவை உங்களோட வந்துட்டுக் குடுத்துடலாம்னு வீட்டுல நூர்ஜகான்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்தேன்.” ஏன் பாய், கால் சரியாகி விட்டதே என்று தர்மசீலன் கேட்டார். “கால் இல்லய்யா. முக்குல ஆளு நிக்கிறான், மஞ்சக் கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிறான், நான் அவனைப் பார்க்காம நேராப் போயிருக்கேன். மூணு டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டிட்டேன். கண்ணு பத்தரை மாத்துத் தங்கம்ங்கிறான். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுற கடைக்காரன், எனக்குத் தெரியாதா? கண்ணு சரின்னா அப்ப கோளாறு மண்டையிலதானே. எங்க அத்தாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. முன்னாடி நிக்கிற ஆளைத் தெரியாது. அப்புறம் எங்க அம்மாவைத் தெரியாது. அப்புறம் சோத்தைத் தெரியாது.” சொல்லிவிட்டு இவர் பக்கம் திரும்பிச் சிரித்தார். “உன் மேல தப்பில்ல தணிகா. நீ பாட்டுக்கு நின்னே. நான்தான் பார்க்கல.” இவர் டீயைக் குடித்தார். குடித்தார், அவ்வளவுதான் செய்தார். சூடு நாக்கைப் பொசுக்கியது, அதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

நின்னே. அந்த ஒரு வார்த்தையைத்தான் தூக்கிச் சுமக்கிறார். ஆடி மாசம், குன்றாண்டார்கோயிலுக்குப் போகிற வழி, புழுதிக் காற்று. மகள் இரட்டைப் பிள்ளை பெற்று வீட்டில் இருந்த சமயம், ஒன்று அழுகையை நிறுத்தினால் இன்னொன்று தொடங்கும், மூன்று வாரமாகக் கண்ணோடு கண் மூடவில்லை. வீட்டுக்காரி வசந்தாதான், போய்ட்டு வாங்க, கொஞ்சம் காத்தாட இருக்கும் என்று அனுப்பினாள். அன்றைக்கும் ஆறு வண்டி போனது. அன்றைக்கும் கடைசி வண்டி பாய்தான், போகிற வழியில் கொக்கு நின்றால்கூட இறங்கிப் படம் பிடிக்கிற மனுஷன், வர நேரமாகும் என்று தெரிந்த விஷயம். முக்கிலிருந்து நாற்பதடியில் ஒரு கல்மண்டபம், யாரோ ஒரு ராஜாவோ செட்டியாரோ வழிப்போக்கனுக்குக் கட்டி வைத்தது. நாலு தூண் நிற்கிறது, மிச்சம் சரிந்து கிடக்கிறது. வெயில் ஏறாத தளம். வண்டியைப் பின்பக்கம் தள்ளி நிறுத்திவிட்டு, சத்தம் கேட்டால் ஓடி வந்துவிடலாம், ஐந்தே நிமிஷம் என்று முதுகைச் சாய்த்தார். அந்தக் கல்லின் குளிர்ச்சி சட்டையைத் தாண்டி முதுகெலும்பில் ஏறியது இருக்கிறதே, ஆஹா, அப்படி ஒரு சுகத்தை அதற்கு முன்னும் அனுபவித்ததில்லை, பின்னும் இல்லை, இனி அப்படி ஒரு சுகமே வேண்டாம். போன் அடித்து எழுந்தபோது நிழல் தூண் மாறியிருந்தது. தர்மசீலன் கத்துகிறார். பாய் வரலையே, நேராப் போய் எந்தக் குவாரிக்குள்ள விழுந்தாரோ, நீ முக்குல நின்னியாய்யா? நின்னேன். வாயிலிருந்து அது தானாக விழுந்தது. இவர் சொல்லவில்லை, தூக்கம் சொன்னது என்று வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ளலாம், முதல் நாளுக்கு. மறுநாள் ஆஸ்பத்திரியில் தொடையைத் தொங்கப் போட்டுக் கிடந்த பாயைப் பார்த்துத் திரும்பவும் நின்னேன் என்று சொன்னது யாராம்?

ஏதோ சத்தம். யெஸ்டியா? இல்லை, யெஸ்டி என்றால் அந்தப் பட பட பட என்கிற ஓசை அரை மைலுக்கு முன்னாலேயே வந்து சேரும். இது புல்லுக்கட்டு வைத்துக் கட்டிய டிவிஎஸ். ஓட்டி வந்த பொம்பளை ஒரு காலைத் தரையில் ஊன்றி நிறுத்தி, “ஏண்ணே, வண்டி நின்னு போச்சா?” என்றாள். “இல்லம்மா, பின்னாடி ஒரு ஆளு வருது.” “அதுக்கு ஏன் வெயில்ல வேகுறீங்க? அந்தா புளியமரம் சும்மாதானே கெடக்கு.” சும்மாதான் கிடக்கிறது தாயே, அதுதான் பயமாக இருக்கிறது என்று சொல்ல முடியுமா? “பரவால்லம்மா” என்றார். அவள் போய்விட்டாள். போன பிறகு திக்கென்றது. டிவிஎஸ் சத்தம் எப்போது தொடங்கியது என்று இவருக்கு நினைவில்லை. பக்கத்தில் வந்த பிறகுதானே காதில் விழுந்தது? அப்படியானால் அதற்கு முன்னால் காது எங்கே போயிருந்தது? கண் மூடித் திறந்ததே, அது ஒரு நொடிதானா? நின்றுகொண்டே தூங்குகிறவன் உண்டு, இவருடைய மாமனார் குழாயடியில் வரிசையில் நின்று தூங்குவார். பாய் அந்த நொடியில் நேரே போய்விட்டிருந்தால்? ரோட்டுக்கு நடுவில் ஓடிப்போய்க் குனிந்து மண்ணைப் பார்த்தார். டயர்த் தடம் ஆறா ஏழா, ஒன்றின் மேல் ஒன்று, எல்லாவற்றின் மேலும் ஆட்டுக் குளம்பு. ஆடு எப்போது போனது? ஆட்டு மந்தையே போயிருக்கிறது, இவர் அதையும் பார்க்கவில்லை. பாழாய்ப் போன கண்ணே!

காலையில் கொடும்பாளூரில் இருந்தது ஞாபகம் வருகிறது. மூவர் கோயில் என்று பெயர், நிற்பது இரண்டுதான், மூன்றாவதுக்கு வெறும் தளம். ஒரு குறுநில ராஜா கட்டினது என்று தர்மசீலன் பாடம் எடுத்தார். எல்லோரும் நிற்கிற இரண்டைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். பாய் அந்த வெறும் தளத்தின் விளிம்பில் போய் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இவர் பக்கத்தில் போனார், சொல்லத்தான் போனார், சத்தியமாகச் சொல்லத்தான் போனார். “பாய்” என்றார். “என்ன தணிகா?” “தண்ணி வேணுமா?” சே! மனுஷ ஜென்மமா இது? குடுமியான்மலையில் சொல்லியிருக்கலாம், அங்கே கூட்டம். அன்னவாசலில் சாப்பாட்டு இலைக்கு முன்னால் சொல்லியிருக்கலாம், சாப்பிடும்போது எதற்கு என்று தோன்றியது. எதற்காவது ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருக்கிறது, ஆட மாட்டாதவளுக்குக் கூடம் கோணலாம். சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்கிற குகைக்கு மேலே ஏறப் பாயால் முடியவில்லை, கீழேயே வண்டிகளுக்குக் காவல் இருந்துவிட்டார். மேலே குகைக்குள் பாறையிலேயே வழவழவென்று தேய்த்த படுக்கைகள், தலைமாட்டில் கல்லிலேயே தலையணை. சமண முனிவர்கள் இதில் படுத்துச் சாப்பாடு தண்ணீர் இல்லாமல் உயிரை விட்டார்கள் என்று தர்மசீலன் சொன்னார். எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள், இவரும் தொட்டார். அதே குளிர்ச்சி. கை நெருப்பில் பட்ட மாதிரிப் பின்னால் வந்தது. அவர்கள் படுத்த கல்லுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. நான் படுத்த கல் ஒருத்தன் தொடையை முறித்தது. தொடையோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை, அது ஒட்டிவிட்டது. அந்த மனுஷனுக்குத் தன் மண்டை மேலேயே நம்பிக்கை போய்விட்டதே, அதை எந்தக் கம்பி வைத்து ஒட்டுவது?

இப்போது சொன்னால் என்ன ஆகும்? தர்மசீலன் முகத்தில் விழிக்க முடியாது. லூர்துராஜ் வாயில் வந்ததைச் சொல்வான். வசந்தாவுக்கும் தெரிந்துவிடும், நூர்ஜகான் அம்மா அவளுக்குப் பெருநாளைக்குப் பெருநாள் பிரியாணி கொடுத்து அனுப்புகிறவள். எல்லாம் போகும். சொல்லாவிட்டால்? நாளைக்கு ஒருத்தன் வந்து யெஸ்டியை ஓட்டிக்கொண்டு போவான், பாய் வாசலில் நின்று பார்ப்பார். அப்புறம் ஒவ்வொரு நாளும் சாவியை எங்கே வைத்தேன், மருமகள் பெயர் சட்டென்று வரவில்லையே என்று தன்னைத்தானே சோதித்துக்கொண்டு மீதிக் காலத்தைக் கழிப்பார். இவர் எட்டு மாசமாகச் சோர்ந்து போயிருக்கிறார். பொய் சொல்வது ஒரு வேலை இல்லை, சொன்ன பொய்யை நிறுத்தி வைத்திருப்பதுதான் வேலை. அதற்குத்தான் ராத்திரி பகல் பாராமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. உட்கார வேண்டும் போலிருந்தது. புளியமரத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன் அடித்தது. தர்மசீலன். “யோவ், எங்கய்யா இருக்க? நாங்க மலையடிக்கு வந்து அரைமணி நேரமாச்சு. அடுத்த முக்குல லூர்து நின்னு காய்ஞ்சு கருவாடாயிட்டான், போன்ல திட்டுறான். பாய் மெயின் ரோட்டைப் புடிச்சிருப்பார், நீ கெளம்பி வா.” “வரல.” “என்னது?” “கடைசி வண்டி வராம நகரக் கூடாதுன்னு நீதானே சட்டம் போட்டே? நான் நகர மாட்டேன்.” “அட, கோவிச்சுக்கிறியே! சரி, நில்லு” என்று வைத்துவிட்டார். புல்லு விற்கப் போனவளோ மாட்டுக்குப் போட்டவளோ, அந்த டிவிஎஸ்காரி திரும்பி வந்தாள். “இன்னும் அந்த ஆளு வரலையாண்ணே?” வெட்கத்தை விட்டுக் கேட்டார்: “ஏம்மா, பழைய வண்டி ஒண்ணு, பட படன்னு சத்தம் போட்டுக்கிட்டு, இந்தப் பக்கம் நேராப் போச்சா?” அவள் இவரை ஏற இறங்கப் பார்த்தாள். “இங்கயே நிக்கிறது நீங்க. என்னையக் கேக்குறீங்களே?” நியாயமான கேள்வி.

அவள் போன திசையில் தூசி அடங்குவதற்குள் அந்தச் சத்தம் கேட்டது. பட பட பட. நிற்கிறது. மறுபடி பட பட. வளைவில் யெஸ்டி தெரிந்தபோது இவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, வெயிலுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம், யார் கேட்கப் போகிறார்கள்? பாய் நடக்கிற வேகத்தில் வந்தார், முகம் முழுக்கச் செம்மண், வண்டியை இவர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினார். “என்ன பாய் இவ்வளவு நேரம்? வழியில ஏதாவது...” “ஒண்ணுமில்ல தணிகா. ஒவ்வொரு முக்குலயும் எறங்கிப் பார்த்துட்டு வர்றேன். மாட்டு வண்டித் தடம் பிரிஞ்சாக்கூட எறங்கிடுறேன். மரத்துக்குப் பின்னாடி, பாறைக்குப் பின்னாடியெல்லாம் போய் ஆளு நிக்கிறானான்னு பார்த்துட்டு, இல்லன்னு தெரிஞ்சாத்தான் நகர்றேன். நின்னு, நான் பார்க்காம போயிட்டேன்னா?” காலைத் தடவிக்கொண்டு சிரித்தார். “பத்து எடத்துல எறங்கி ஏறுனேன்ப்பா, தொடை விட்டுப் போச்சு. ஆனா உன்னைத் தூரத்துலயே பார்த்துட்டேன். வெயில்ல நட்டமா நின்னியா, நல்லாத் தெரிஞ்சுது.”

தணிகாசலத்துக்கு அதற்கு மேல் முட்டுக் கொடுக்கத் தெம்பில்லை. தைரியம் வந்ததா என்றால் இல்லை, அலுத்துப் போய்விட்டது, அதுதான் உண்மை.

“பாய், அன்னைக்கு நான் நிக்கல.”

“எங்க?”

“குன்றாண்டார்கோயில் வழியில. முக்குல நான் இல்ல. மண்டபத்துல படுத்துத் தூங்கிட்டேன். வண்டியையும் பின்னாடி மறைவா நிறுத்திட்டேன். நீங்க வந்தப்ப அந்த முக்குல யாருமே இல்ல பாய்.”

பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். “யாருமே இல்லையா?” என்றார். “இல்ல பாய்.” “நெசமா?” “என் பேரப் புள்ளைங்க மேல சத்தியமா.” “அப்ப நான் பார்க்காம போகல.” “இல்ல.” “இல்லாத ஆளை எப்படிய்யா பார்க்கிறது?” என்று அவர் ரோட்டைப் பார்த்துக் கேட்டார். “குவாரி ஜல்லியில ரெண்டு மணி நேரம் கெடந்தேன் தணிகா. அது வலி, போயிடுச்சு. எட்டு மாசமா எங்க அத்தாவைக் கண்ணாடியில பார்த்துக்கிட்டு இருக்கேனேடா. பேரனைத் தூக்கிட்டுத் தெருவுக்குப் போகக்கூட விட மாட்டேங்குறாங்க. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிட்டு வந்தியே, அப்பச் சொல்லக் கூடாதா?” இவர் தலையைக் குனிந்துகொண்டார். அடிக்கட்டும் என்று நினைத்தார், ஒரு அறை விழுந்தால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும்! பாய் அடிக்கவில்லை. கேரியரிலிருந்த சிவப்புத் துண்டை முடிச்சவிழ்த்து இவருடைய டேங்க் மேல் போட்டார். “நீ கடைசியா வா” என்றார். இடது காலால் ஒரே உதை, யெஸ்டி சீறியது. எங்கும் இறங்கவில்லை, எங்கும் தயங்கவில்லை, பழைய சிக்கந்தர் பாய் போவது போலவே இடது பக்கம் சாய்ந்து திரும்பித் தைலமரங்களுக்குள் போய் மறைந்தார்.

துண்டைக் கேரியரில் கட்டினார். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. வண்டியைக் கிளப்பி மெதுவாகப் போனார். கடைசி வண்டி என்றால் இதுதானா? பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட இவர் வாலாக வந்ததில்லை. பின்னால் ஒருத்தரும் இல்லை, முன்னால் இருக்கிறவர்கள் நிற்பார்கள் என்று நம்பித்தான் போக வேண்டும். வழி தெரியாது. தைலமரங்கள் ஒரே உயரத்தில் ஒரே மாதிரி ஓடின. அடுத்த முக்கில் லூர்துராஜ் நிற்பான். பாய் அவனிடம் சொல்லியிருப்பார், இந்நேரம் போனில் எட்டுப் பேருக்கும் தெரிந்திருக்கும், தெரியட்டும். காடு முடிந்து ஒரு கண்மாய்க்கரை வந்தது, ஐயனார் கோயில் மண்குதிரைகள் மூக்கு உடைந்து நின்றன, ரோடு மூன்றாகப் பிரிந்தது. லூர்துவின் பச்சை வண்டி இல்லை. வேப்பமர நிழலில் பார்த்தார், யாரும் இல்லை. குதிரைகளுக்குப் பின்னால் பார்த்தார், யாரும் இல்லை. விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். போனால் போகட்டும், நியாயம்தானே, நீ செய்தது என்ன? பிரேக்கை அழுத்தி நிறுத்திக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

கண்ணைத் திறந்தபோது கண்மாய் மதகுக்கு அந்தப் பக்கம், நிழலே இல்லாத பொட்டலில், யெஸ்டி நின்றது. பக்கத்தில் மடங்காத காலை நீட்டி வைத்துக்கொண்டு பாய் நின்றார். லூர்துவைப் போகச் சொல்லிவிட்டு அவன் இடத்தில் அவர் நின்றிருக்கிறார். மூன்றில் நடு ரோட்டைக் காட்டிக் கை நேராக நீண்டிருந்தது. இவர் பக்கத்தில் போய் நிறுத்தினார். பாய் இவர் முகத்தைப் பார்க்கவில்லை, கேரியரில் கட்டியிருந்த துண்டைப் பார்த்தார்.

“நான் நிக்கிறது தெரிஞ்சுதா?” என்று கேட்டார்.

“தெரிஞ்சுது பாய்.”

பாய் கிக்கரை உதைத்து முன்னால் கிளம்பினார்.